தாத்தாவின் தாடை பேரனுக்கும் வருமா?

கிளிப் கழற்றிய பிறகு பிள்ளையின் முகம் எப்படி வளரும் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்குப் பல் சீரமைப்பு மருத்துவராகப் பதில் தருகிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 13 வயது. கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் நின்றதைக் கிளிப் போட்டுச் சரிசெய்துவிட்டோம். என் அப்பாவுக்குக் கீழ்த்தாடை நீளம். இவனுக்கும் வந்துவிடுமா?

வரக்கூடும் அம்மா, மறைக்க மாட்டேன். முந்தி நிற்கும் கீழ்த்தாடை குடும்பவழியில் இறங்குவது நெடுங்காலமாகத் தெரிந்ததுதான். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்து ஓவியங்களில் தலைமுறைதோறும் அதே தாடை தெரியும். 1700இல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் உணவை மெல்லவே சிரமப்பட்டார்.

கிளிப் பல்லைத்தான் நகர்த்துகிறது. எலும்பு எவ்வளவு வளர வேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை. ஆண் பிள்ளைகளுக்கு மேல்தாடை அடங்கிய பிறகும் கீழ்த்தாடை 18, 20 வயது வரை வளரும். உங்கள் மகன் இப்போதுதான் வேகமாக வளரும் பருவத்தில் இருக்கிறான். எனவே மருத்துவரிடம் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அப்பாவின் இளவயதுப் படம், முகம் பக்கவாட்டில் தெரிவதாக இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு பாட்டி, தம் கணவர் தைப்பூசக் காவடி எடுத்த பழைய படத்தை என்னிடம் கொண்டுவந்தார். தலை திரும்பியிருந்ததால் நெற்றி முதல் முகவாய் வரை கோடு கிழித்ததுபோல் தெரிந்தது. பேரனை அதேபோல் திரும்பி நிற்கச் சொன்னேன். மூக்கு பாட்டியுடையது, முகவாய் அப்படியே தாத்தாவுடையது.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தந்தை: 18 வயதில் மகள் முகம் எப்படி இருக்கும் என்று கணினியில் காட்டினார்கள். நம்பலாமா?

அது சராசரி வளர்ச்சியைக் கூட்டி வரைந்த படம், ஐயா. குடும்பக் கூறு அழுத்தமாக உள்ள பிள்ளைகளிடம்தான் அது அதிகம் பிசகும். டென்மார்க்கில் பணியாற்றிய பல் சீரமைப்பு ஆய்வாளர் ஆர்னே பியோர்க் பிள்ளைகளின் தாடையில் சிறு உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தாடை நீள்வதோடு சுழலவும் செய்கிறது, சிலருக்கு முன்னோக்கி, சிலருக்குப் பின்னோக்கி. அந்தச் சுழற்சியை முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினம்.

டொங்காட்டிலிருந்து ஒரு தாய்: எங்கள் இருவருக்கும் வரிசைப் பல். மகளுக்கு மட்டும் ஏன் எத்துப்பல்?

உங்களில் யாராவது சிறுவயதில் கிளிப் போட்டிருந்தீர்களா? சீராக்கிய வரிசை பிள்ளைக்கு இறங்காது, பிறவி அமைப்புத்தான் இறங்கும். இல்லையென்றால் விரல் சூப்பும் பழக்கம் இருந்ததா என்று யோசியுங்கள். எலும்பைவிடப் பல்வரிசையில்தான் பழக்கத்தின் கை ஓங்கியிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர், 19 வயது: கிளிப் கழற்றிய பின் பல் நகராமலிருக்கப் போடும் ரிடெய்னரை நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி. வளர்ச்சி நின்ற பிறகும் கீழ் முன்பற்கள் நெருக்கியடிக்கும். இரவில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெருலத்திலிருந்து ஒரு சித்தப்பா: அண்ணன் மகனுக்கு 16 வயது. தாடை அறுவை சிகிச்சையை உடனே செய்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தாடைக்கோடு பொருந்த வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலும் காத்திருங்கள். வளரும் தாடையை வெட்டிப் பொருத்தினால், மறுபடியும் வெட்ட நேரிடும்.