மாதத்தில் இரண்டு வாரம்தானே!

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. எங்கள் பக்கம் சரவாங்கி என்பார்கள். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வாரம் ஒரு முறை, சனிக்கிழமை இரவு, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை போடுகிறேன். மறுநாள் முழுக்கக் குமட்டும் என்பதால், நாத்தனார் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிற வாரங்களில் மட்டும் போடுவதில்லை. மாதத்தில் இரண்டு வாரம்தானே. போன மாத ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். கூடியிருக்கிறது என்று டாக்டர் நான்கு மாத்திரையை ஆறாக்கிவிட்டார். வீட்டுக்காரருக்குக் கடைத் தொல்லையே போதும் என்பதால் அவரிடம் எதையும் சொல்வதில்லை. சில மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. இந்த நோயோடு மனதை உற்சாகமாக வைத்துக்கொள்ள என்ன வழி? தியானம் பழகலாமா?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சகோதரி, தியானத்தைப் பற்றி நான் இப்போது பேசப்போவதில்லை. உங்கள் கேள்வியைப் போன்ற கடிதங்கள் எனக்கு ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருக்கின்றன. சர்க்கரை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு என்று நோயின் பெயர் மாறுமே தவிர, கேட்கும் வார்த்தைகள்கூட மாறுவதில்லை. தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான்கு வரி எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன 'மாதத்தில் இரண்டு வாரம்தானே' என்ற மூன்று சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வாரம் ஒரு முறை போடும் மருந்தை மாதத்தில் இரண்டு முறை விட்டால், நீங்கள் பாதி மருந்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். இது தலைவலி மாத்திரையைப் போலப் போட்ட அன்றே வேலை செய்து முடிக்கும் மருந்து இல்லை. வாரக்கணக்கில் விடாமல் போட்டு வந்தால்தான் பலன் தெரியும். முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய மூட்டுகளையே பகையாக எண்ணித் தாக்குகிறது. அந்தத் தாக்குதலை அடக்கி வைப்பதுதான் மெத்தோட்ரெக்ஸேட்டின் வேலை. வலி குறைந்திருக்கும் நாளிலும் உள்ளே எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். அரித்துப்போன எலும்பு பிறகு எந்த மருந்தாலும் பழையபடி வளர்ந்துவிடாது. நீங்கள் விட்டது ஒரு வேளை மாத்திரை என்று நினைக்கிறீர்கள், உங்கள் விரல்களுக்கு அது அப்படித் தெரிந்திருக்காது.

இதைவிட எனக்குக் கோபம் வரவழைத்தது அடுத்த வரி. நான்கு மாத்திரையை ஆறாக்கியிருக்கிறார் மருத்துவர். ஏன் ஆக்கினார்? மாதம் நான்கு முறை ஒழுங்காகப் போட்டும் நோய் அடங்கவில்லை என்று அவர் நம்பியதால். அவர் நம்பியதற்குக் காரணம், 'ஒழுங்காகப் போடுகிறீர்களா?' என்று கேட்டபோது நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். இப்போது ஆறு மாத்திரைக்குக் குமட்டல் இன்னும் கூடும். கூடினால் இன்னும் ஒரு வாரம் விடுவீர்கள். அடுத்த பரிசோதனையில் ஈ.எஸ்.ஆர். மறுபடி ஏறும், அவர் வேறொரு மருந்தைச் சேர்ப்பார். தப்பான கணக்கை மேசைமேல் வைத்துவிட்டு விடை சரியாக வரவில்லை என்று அழுவதில் என்ன நியாயம்?

குமட்டலுக்கு வழி இல்லாமல் இல்லை, நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். மாத்திரையை இரவு உணவுக்குப் பிறகு போடச் சொல்லலாம், உடன் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினின் அளவை மாற்றலாம், மாத்திரைக்குப் பதில் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்கலாம், ஒன்றும் ஒத்துவராவிட்டால் வேறு மருந்துக்கே மாற்றலாம். இவை எல்லாம் மூட்டுவாத மருத்துவர்கள் அன்றாடம் செய்கிறவை. அதற்கும் மேலாக ஒன்று: சனிக்கிழமைதான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கிழமையை மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தால், எப்படி மாற்றுவது என்று அவர் சொல்லிக்கொடுத்திருப்பார். உங்களுக்குப் புதன்கிழமை குமட்டி, ஞாயிற்றுக்கிழமை தெளிந்திருக்கும். நான்கு ஆண்டுகளில் இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா, அல்லது புதன்கிழமையும் உங்களுடையதில்லை என்று நினைத்துவிட்டீர்களா?

இங்கே என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தை உதறிவிட்டு உங்களைப் பாருங்கள் என்று எழுதும் ஆள் நான் இல்லை. நாத்தனார் மாதம் இரண்டு முறை பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு நல்ல வீடு, அது தொடரத்தான் வேண்டும். ஆனால் கடமை என்பதை உங்கள் ஒருவர் பெயருக்கு மட்டும் யார் பட்டா போட்டுக் கொடுத்தது? மனைவியின் உடம்பு என்ன ஆகிறது என்று அறிவது கணவரின் கடமை. அதைச் சொல்லாமல் மறைப்பதைப் பெருந்தன்மை என்று எண்ணாதீர்கள், அவர் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் நீங்கள்தான் தடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாத்தனார் பற்றியும் அப்படித்தான். அண்ணி மாத்திரையை விட்டுவிட்டுத்தான் எனக்குக் குழம்பு வைத்தாள் என்று பின்னால் ஒரு நாள் தெரிந்தால், அந்தப் பெண்ணுக்கு அந்தச் சாப்பாடு எப்படித் தொண்டையில் இறங்கும்?

என் பெரியம்மாவுக்கு இதே நோய் இருந்தது. அப்போது அதற்கு எங்கள் வீட்டில் வெறுமனே 'வாதம்' என்றுதான் பெயர். விடியற்காலையில் கொல்லைக் குழாயைத் திருக முடியாமல், இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அதைப் பிடித்து உடம்பைச் சாய்த்துத் திருப்புவார். ஜாக்கெட் ஊக்கை மாட்டிவிட என்னை எழுப்புவார், சொல்லிவிடாதே என்று காதோடு சொல்வார். மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய வலி மாத்திரையைப் பல ஆண்டுகள் விழுங்கி, கடைசியில் வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்து படுத்தபோதுதான் பெரியப்பாவுக்கு விஷயமே தெரிந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவள் நான். ஒருவரிடமும் சொல்லாமல் தாங்கிக்கொள்கிற பெண்களைப் பொறுமைசாலி என்று புகழ எனக்கு வாய் வராமல் போனது அதற்குப் பிறகுதான்.

உங்கள் அழுகையை நான் அலட்சியம் செய்யவில்லை. இந்த நோயே அசதியையும் மனச்சோர்வையும் கூட்டிக்கொண்டு வரும் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். ஈ.எஸ்.ஆர். பற்றிப் பேசுகிற அதே அறையில் இதையும் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போங்கள். ஆனால் பாதி மருந்தில் ஓடுகிற உடம்பில் மனம் மட்டும் தனியாக உற்சாகமாக இருக்காது. தியானம் பழகுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இதற்கெல்லாம் பிறகு வரட்டும்.

விட்டுப்போன மாத்திரையை ஈடுகட்டுவதாக எண்ணி ஒரே நாளில் இரட்டிப்பாகப் போட்டுவிடாதீர்கள். தினமும் போடுகிற மருந்தாக எண்ணிக் குழப்பிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆறு மாத்திரையைத் தொடருவதா, பழைய நான்கிலேயே ஒழுங்காகப் போட்டுப் பார்ப்பதா என்பதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. அடுத்த தேதிவரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். சமையலறைக் காலண்டரைக் கழற்றி, நாத்தனார் வந்த ஞாயிறுகளை நினைவுபடுத்தி, அதற்கு முந்தைய சனிக்கிழமைகளைப் பேனாவால் வட்டமிடுங்கள். அந்தக் காலண்டரை அப்படியே அவர் மேசைமேல் வையுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். கடையை ஒரு நாள் அரை மணி நேரம் முன்னதாகப் பூட்டச் சொல்லி, உங்கள் வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். வட்டங்களை எண்ணுகிற வேலையை அவரிடம் விடுங்கள்.