நாவல் வழியே இந்தியா: கிழக்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்திய மக்களின் வாழ்க்கையைக் கதைகள் மூலம் அறிவது பற்றி இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

காரைதீவு ஆசிரியை: சேர், எனக்குத் தெரிந்த இந்தியா சினிமாவும் தொலைக்காட்சித் தொடரும் காட்டியதுதான். எந்த நாவலில் தொடங்கலாம்?

முழு நாட்டையும் தேடிப் புறப்படாதீர்கள் ரீச்சர். ஓர் ஊரைத் தேடுங்கள். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் பெரும்பகுதி கும்பகோணத்தில் நடக்கிறது. யமுனாவின் தாய் மராத்தியப் பெண், தகப்பன் தமிழ்ப் பிராமணர். அந்தக் கலப்பினாலேயே அவளுக்கு வரும் வரன்கள் தட்டிப்போகின்றன. 1676 முதல் 1855 வரை தஞ்சையில் மராத்திய மன்னர்கள் இருந்தார்கள் என்று வரலாற்று நூல் இரண்டு வரியில் சொல்லிவிடும். அந்த அரசு போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்களின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு நாவலிடம்தான் போக வேண்டும்.

களுவாஞ்சிகுடி வாசகர்: நம்மைப்போல் தாய்வழியில் குடி என்ற குலப்பிரிவைப் பார்க்கும் மக்களைப் பற்றி இந்திய நாவல் ஏதும் உண்டா?

உண்டு. மட்டக்களப்பார் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படும் நாவல் அது: எம். டி. வாசுதேவன் நாயர் மலையாளத்தில் எழுதிய ‘நாலுகெட்டு’. 1958இல் வந்தது. ஒரே தாயின் வழிவந்தவர்கள் சேர்ந்து வாழும் நாயர் தறவாடுதான் களம். சொத்து எல்லோருக்கும் பொது. ஆனால் சாவிக்கொத்தும் நெல் அறையும் காரணவர் என்ற மூத்த தாய்மாமனின் ஆளுகையில் இருக்கும். அப்புண்ணியின் தாய் வீட்டார் சொல்லை மீறித் தான் விரும்பியவனை மணக்கிறாள். அதனால் தறவாட்டின் வாசல் அவளுக்கும் மகனுக்கும் அடைபட்டுவிடுகிறது. தனக்கும் உரிமையுள்ள வீட்டை வெளியே நின்று பார்த்தபடியே வளர்கிறான் அப்புண்ணி. பின்னாளில் பணம் சேர்த்து அந்த வீட்டையே விலைக்கு வாங்குகிறான். வாங்கியவன் அங்கே ஆள நினைக்கவில்லை. இதை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வருகிற சின்ன வீடாகக் கட்ட வேண்டும் என்கிறான்.

இதை நம் வளவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்கும் குடி தாயால்தான் வருகிறது. கோயிலில் எந்தக் குடிக்கு என்ன உரிமை என்பதும் அதன்படியே. ஆனால் வீடு நம்மிடம் கூட்டுச் சொத்து அல்ல, மகளுக்குச் சீதனமாகப் போவது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பக்கத்தில் சிறியதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குகிறார்கள். தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை ஏறும்வரை அண்ணன்மார் தங்கள் கலியாணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறார்கள். அங்கே தாய்மாமன் ஆள்கிறார். இங்கே மருமகன் மனைவியின் வளவுக்கு வந்து குடியேறுகிறான். வம்சம் பெண்வழியே போனாலும் பெண்ணின் கைக்கு அதிகாரம் வந்துவிடுவதில்லை என்பதை அந்த நாவலில் பார்த்தபின் நம் வீடுகளையும் ஒருமுறை கணக்கெடுக்கத் தோன்றும். கேரளச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்துமுறையை ஒழித்தது 1976இல். அப்புண்ணி அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கச் சொல்லிவிட்டான்.

காத்தான்குடி மாணவி: இந்திய முஸ்லிம்களின் வாழ்க்கையை அறிய எதை வாசிக்கலாம்?

மகள், தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை முதலில் எடுங்கள். கன்னியாகுமரிக் கரையோரத்து முஸ்லிம் ஊர். ஊரை ஆட்டிவைக்கும் முதலாளி ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கிறார். மார்க்கத்தின் பெயரால் பேசினாலும் அவர் காப்பது தன் பிடியைத்தான். அடுத்து மலையாளத்தில் எழுதிய வைக்கம் முகம்மது பஷீர். தன் உப்பாப்பாவிடம், அதாவது தாத்தாவிடம், பெரிய கொம்பானை இருந்தது என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்படுகிற குஞ்ஞுபாத்துமாவின் கதையை வாசியுங்கள். அது மண்ணில் குழிபறிக்கும் சின்னப் பூச்சியான வெறும் குழியானைதான் என்று தெருப் பிள்ளைகள் கேலி செய்யும்போது, பழம்பெருமை பேசும் ஒரு குடும்பமே சரிகிறது. பஷீர் அதைச் சொல்லும் விதத்தில் கோபம் கிடையாது, பாசம்தான். வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் தங்களுக்குள் என்ன பேசுகிறார்கள் என்பதற்குச் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’.

வாழைச்சேனை இளைஞர்: கேரள மீனவரைப் பற்றிய ‘செம்மீன்’ நாவலை வாசித்தேன். கரையில் மனைவி கற்புத் தவறினால் கடலில் கணவனைக் கடலம்மா கொண்டுபோவாள் என்று வருகிறது. அங்கே உண்மையிலேயே அப்படி நம்புகிறார்களா?

தம்பி, கதையை ஓட்டுகிற நம்பிக்கையை அந்த மக்களின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை மீனவர் அல்லர். குட்டநாட்டில் பிறந்து அம்பலப்புழையில் வக்கீல் தொழில் பார்த்தவர். கரையில் நின்று பார்த்த ஒருவரின் கதை அது. ஆனால் செம்பன்குஞ்ஞு படகும் வலையும் சொந்தமாக வாங்கப் படும் பாட்டையும், அதற்குப் பரீக்குட்டியிடம் பணம் பெற்று அவனையே நொடித்துப்போக விடுவதையும் பாருங்கள். கடன்பட்டுத் தோணி இறக்கியவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அந்தக் கணக்கு பொய்யா மெய்யா என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். சாகரை வரும் இடத்தையும் கவனியுங்கள். நம் கடல் மார்கழி வாடையில் குமுறும். ஆலப்புழைக் கடல் ஆனி, ஆடித் தென்மேற்குப் பருவத்தில். அந்தக் குமுறலுக்கு நடுவே சேறு திரண்டு கடல் அடங்கும் பகுதியில் மீன் வந்து குவியும். அதைத்தான் சாகரை என்கிறார்கள்.

திருக்கோவில் வாசகி: சாதி பற்றிய நாவல்களை மனம் கனக்காமல் வாசிக்க முடியவில்லை.

கனக்கட்டும். இமையத்தின் ‘கோவேறு கழுதைக’ளில் ஆரோக்கியம் ஊர்ச்சோறு எடுக்க வீடு வீடாகப் போகிறாள். தலித் மக்களுக்கே துணி வெளுக்கும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட வண்ணார் குடும்பம் அவளுடையது. நம் ஊர்களில் கட்டாடி என்ற வண்ணார் இல்லாமல் செத்தவீடு நடக்காது, கோயில் சடங்கும் நடக்காது. அவர்களுக்கு நாம் கொடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே வாசியுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: கி. ராஜநாராயணன் எழுதும் கரிசல் சொற்கள் பல புரியவில்லை.

அவரே ‘கரிசல் வட்டார வழக்கு அகராதி’ தொகுத்திருக்கிறார். கிடைத்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் சத்தமாக வாசியுங்கள். அவருடையது வாயால் சொல்லப்படும் மொழி. கண்ணுக்குப் பிடிபடாத சொற்களில் பாதி காதுக்குப் பிடிபட்டுவிடும்.