உதகையில் சுகாதாரப் பிரிவுக்கு என்ன வேலை?

“குளிர் ஊர்தானே, நகராட்சிச் சுகாதாரப் பிரிவு எதற்கு?” என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் கொசுவை ஓரளவு அடக்கும். அசுத்தத் தண்ணீர் வழியே பரவும் மஞ்சள் காமாலையை அடக்காது. மலைச்சரிவில் மேல்வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி கசிந்தால், கீழ்வீட்டு ஊற்றுக்குத்தான் வந்து சேரும்.

அதனால் முதல் காவல் குளோரின். குழாய்த் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழலில் பிடித்து ஆர்த்தோடாலிடின் என்ற சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால், குளோரின் இருப்பதற்கு அடையாளமாக மஞ்சள் நிறம் வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருப்பது அவசியம். மேல்நிலைத் தொட்டியடியில் மட்டும் சோதிப்பது, என்னைக் கேட்டால், கண்துடைப்பு. தெருக்கோடி வீட்டில்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று: உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்தவுடன் இறக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள்.