தம்பியின் வட்டியை நீங்கள் கட்டும்வரை பாரிஸ் தூரம்தான்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சித்திரபாட ஆசிரியையாக இருக்கிறேன். வயது 48, தனியாள். பாரிசில் லூவ்ர் அருங்காட்சியகத்தையும் ஓவியர் மொனேயின் தோட்டத்தையும், நெதர்லாந்தில் வான்கோ ஓவியங்களையும் துலிப் பூக்களையும் தனியாகப் போய்ப் பார்க்க நெடுநாள் ஆசை. மாதம் 20,000 ரூபா மிச்சம் பிடிக்கிறேன். கையில் 4 இலட்சத்து 20 ஆயிரம் இருக்கிறது. 2023 தொடக்கத்தில் தம்பியின் கடைக்காக என் நகைகளை 3, 4, 5 இலட்சம் என்று மூன்று துண்டுகளில் (அடைவுச் சீட்டுகளில்) அடைவு வைத்தேன். இப்போது வட்டி 14 வீதம். நானே கட்டி, வருடா வருடம் புதுப்பிக்கிறேன். பயண முகவர் ஒருவர் 12 நாளில் 7 நாடு காட்டுவதாகவும், கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணையாகக் கட்டலாம் என்றும் சொல்கிறார். எடுக்கலாமா? வயது போகிறதே என்று பயமாக இருக்கிறது.

பதில்: தவணைத் திட்டம் வேண்டாம். பயணம் கட்டாயம் போங்கள். உங்களை மறித்து நிற்பது அந்த மூன்று துண்டுகள்தான்.

12 இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 168,000, மாதம் 14,000 ரூபா. 2023இல் வட்டி இதைவிடக் கூட. இன்றைய வீதத்தில் பார்த்தாலே மூன்று வருடத்தில் 5 இலட்சம் போய்விட்டது. கடனின் முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. கடை தம்பியினுடையது, வட்டி உங்களுடையது. உதவி செய்தது நல்ல விஷயம். ஆனால் ஒவ்வொரு வருடமும் கேள்வி கேட்காமல் புதுப்பிப்பதால், அந்தக் கடன் அவர் மனதில் கடனாகவே இல்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். கையிருப்பில் 3 இலட்சத்தை எடுத்து முதல் துண்டை மீட்டுவிடுங்கள். நீங்கள் வைத்த காலத்தைவிடப் பவுண் விலை எவ்வளவோ ஏறிவிட்டது. அந்தத் துண்டில் காப்பு, சங்கிலி என்று இருப்பதில் இரண்டு பவுண் அளவு விற்றாலே 4 இலட்சத் துண்டையும் மீட்கலாம். நகை விற்பது என்றால் எங்கள் ஊரில் நெஞ்சு பதைக்கும், தெரியும். அம்மாவின் நகை ஏதும் இருந்தால் அதைத் தொட வேண்டாம். மற்றதை விற்கத் தயங்காதீர்கள். வங்கிப் பெட்டகத்தில் இருந்து வட்டி தின்னும் காப்பால் யாருக்கு என்ன பயன்?

மிஞ்சுவது 5 இலட்சத் துண்டு. அதன் வட்டி மாதம் ஏறக்குறைய 5,800. அடுத்த மாதத்திலிருந்து அதைத் தம்பி கட்டட்டும். கடை நடக்கிறதென்றால் இது பெரிய காசில்லை. நடக்கவில்லையென்றால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தானே.

பயணச் செலவைப் பருமட்டாகப் போட்டேன், யூரோ 360 ரூபா என்று வைத்து. விமானம் 3 இலட்சம். பத்து இரவு தங்க, இரவுக்கு 80 யூரோப்படி 288,000. சாப்பாடு, ரயில் 180,000. நுழைவுச் சீட்டுகள் 54,000. விசா, காப்புறுதி, விசாவுக்குக் கொழும்பு போய்வருவது எல்லாம் 60,000. மொத்தம் 9 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் துண்டை மீட்டபின் கையில் 120,000 மிஞ்சும். தம்பி வட்டியைக் கட்டினால், இப்போது மிச்சம் பிடிக்கும் 20,000உம் வட்டிக்குப் போன 14,000உம் சேர்ந்து மாதம் 34,000 சேரும். 23 மாதத்தில் காசு தயார். அவர் கட்டாவிட்டாலும் 28 மாதம்தான்.

வட்டியில்லாத் தவணை என்பதில் பெரும்பாலும் ஒரு கட்டணம் ஒளிந்திருக்கும். ஒரு தவணை தவறினால் வட்டியும் ஏறக்கூடும். அதைவிட எனக்குப் பொறுக்காதது அந்த 7 நாட்டுக் கணக்கு. பஸ்ஸிலிருந்து இறக்கி, லூவ்ரில் இரண்டு மணித்தியாலம் விட்டு, மறுபடி ஏற்றுவார்கள். பாரிசில் உள்ள ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் மொனேயின் அல்லி ஓவியங்களுக்கென்றே இரண்டு முட்டை வடிவ அறைகள் இருக்கின்றன. எட்டு ஓவியங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் உயரம், சுவரோடு வளைந்து போகும். சித்திரம் படிப்பிக்கும் ஒருவர் அங்கே அரை நாள் இருக்க வேண்டாமா? இரண்டு நாடு போதும்.

விசாவுக்கும் கடன் உதவாது. ஷெங்கன் (பிரான்ஸ், நெதர்லாந்து உட்பட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். திடீரென்று விழுந்த பெரிய தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். சம்பளம் விழுந்து சேமிப்பு மெல்ல ஏறும் கணக்குத்தான் உங்களுக்குச் சாட்சி. கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்பி வராது.

காலத்துக்கு ஏப்ரல் பள்ளி விடுமுறையைப் பிடியுங்கள். நெதர்லாந்தில் துலிப் பூக்களுக்குப் பேர்போன கோய்கன்ஹொஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரைதான் திறந்திருக்கும். ஜிவெர்னியில் மொனேயின் தோட்டம் ஏப்ரல் 1இல் திறக்கும். அங்கே குளத்து அல்லி பூப்பது கோடையில்தான். ஏப்ரலில் துலிப்தான் கிடைக்கும். அல்லியை ஒராஞ்சரியில் பார்த்துக்கொள்ளுங்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, பாரிசின் இன்னொரு அருங்காட்சியகமான ஓர்சேக்குத் திங்கள். வான்கோ அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்து ஒன்லைனில் முன்பே சீட்டு எடுக்க வேண்டும். லூவ்ரில் ஐரோப்பியர் அல்லாதோருக்குக் கட்டணம் 2026 முதல் 32 யூரோ. அது என் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

பாரிசில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களிடம் கடைசி இரண்டு நாள் மட்டும் தங்குங்கள். முதலிலேயே போனால் பிறந்தநாள், சாமத்தியம், கோயில் என்று பத்து நாளும் ஓடிவிடும்.

புதுப்பிக்கும் திகதிகளைத் துண்டுகளில் பாருங்கள். முதலில் வருகிற திகதிக்கு முன்பே தம்பியோடு பேசுங்கள். தொலைபேசியில் வேண்டாம், கடைக்கே போய், துண்டை மேசையில் வைத்து.