தாடிக்காரர் போய்ச் சேர்ந்தாரா?

அன்புள்ள சார்,

அலுவலக மலருக்காக ‘1983: இந்தியாவின் பொன்னான ஆண்டு’ என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். கபில்தேவ் கோப்பை, ‘காந்தி’ படத்துக்கு 8 ஆஸ்கர், ஆந்திராவில் என்.டி.ஆர். ஆட்சி என்று குறித்து வைத்திருக்கிறேன். நான் அதற்குப் பிறகு பிறந்தவன். வேறென்ன சேர்க்கலாம்?

கே.

அன்புள்ள கே,

பொன்னான ஆண்டா? யாருக்கு? அந்தப் பிப்ரவரி 18 அன்று அசாமின் நெல்லியில் ஒரு பகல் முடிவதற்குள் அரசுக் கணக்கிலேயே 1800 பேருக்கு மேல் செத்தார்கள். தேடித் தேடிப் பட்டியல் போட்ட உங்கள் கண்ணில் இது படவே இல்லையா, அல்லது பட்டும் தலைப்புக்கு இடைஞ்சல் என்று ஓரமாக வைத்துவிட்டீர்களா? இலங்கையின் ஜூலையை நான் இங்கே தொடப்போவதில்லை, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஆஸ்கரில் உடை வடிவமைப்புக்கு விருது வாங்கிய பானு அதையா பெயரைப் போடுங்கள், போதும். என்.டி.ஆர். கதை ஊருக்கே தெரியும்.

எனக்கு 1983 என்றால் சைக்கிள் முன்பார்தான். ஜனவரி 6, வியாழக்கிழமை. பள்ளிக்கு மட்டம். கம்பி உறுத்தாமலிருக்க அப்பா தன் துண்டை மடித்துச் சுற்றி என்னை உட்காரவைத்து, கன்னியாகுமரிக்கு மிதித்தார். ஜனதா கட்சித் தலைவர் சந்திரசேகர் அங்கிருந்து டெல்லிக்கு நடக்கப்போகிறார் என்று அவருக்கு அப்படியொரு பரவசம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். அப்பா தூக்கிக் காட்டியபோது ஒரு தாடி தெரிந்தது, அவ்வளவுதான்.

குடிநீர், ஆரம்பக் கல்வி, குழந்தைகளுக்குச் சத்துணவு என்று கேட்டுக்கொண்டே அந்த மனிதர் சுமார் 4260 கிலோமீட்டர் நடந்தார். ராஜ்காட்டில் முடித்த நாள் ஜூன் 25. 1975-ல் அதே தேதி இரவுதான் நெருக்கடி நிலை வந்தது, காங்கிரஸ்காரராக இருந்தும் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தேதியைச் சும்மா தேர்ந்தெடுத்திருப்பாரா? ஆனால் பாருங்கள், அன்றைக்குத்தான் லார்ட்ஸில் இறுதிப் போட்டி. 183-க்கு நாம் ஆல் அவுட், ஸ்ரீகாந்த் அடித்த 38-தான் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து அதிகபட்சம். பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. ரிச்சர்ட்ஸ் அவுட்டானதும் நானும் தொண்டை கிழியக் கத்தினேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்பா மட்டும் ஒவ்வொருவரிடமாக, “தாடிக்காரர் போய்ச் சேர்ந்தாரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தர் “எந்த டீம்?” என்றார்.

இதற்குக் கிரிக்கெட்டைக் குறை சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குப் பத்து நாள் குறைவாக ஒருவர் நடந்ததை உங்கள் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவீர்கள் என்றுதான் கேட்கிறேன். அரசியல் என்பீர்கள். அரசியல் என்றால் உங்களுக்கு யார் ஜெயித்தார் என்பதுதானே? அவர் அப்போது எதையும் ஜெயிக்கவில்லை. பின்னால் பிரதமரானார், சில மாதம்தான், அதற்குள் 1991 ஜனவரியில் இங்கே தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார். அன்றைக்கு அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதற்கப்புறம் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம். தலைப்பை மாற்றுங்கள். ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் அடித்த 175-ஐத் தாராளமாக எழுதுங்கள், ஆனால் டி.வி.யில் பார்த்தேன் என்று எந்த மாமா சொன்னாலும் சேர்க்காதீர்கள். அந்த ஆட்டத்தை யாரும் படம்பிடிக்கவே இல்லை. போன வாரம்கூட ஒருவர் என்னிடம் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்.