கிள்ளினால் அடங்குமா?

கேள்வி: ஸ்காட்லாந்து, கியூபெக், கட்டலோனியா, இலங்கை... எங்கே பார்த்தாலும் தனி நாடு கேட்டு ஒரு கூட்டம். எல்லாம் ஒரே நோய்தானே? முளையிலேயே கிள்ளி எறியாத அரசுகளைத்தானே குறை சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கிள்ளிப் பார்த்த நாட்டையும் நீங்களே பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். இலங்கையில் 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்டார்கள். அப்போது தமிழர் தலைவர்கள் கேட்டது கூட்டாட்சிதான், தனி நாடு இல்லை. 1957-ல் பிரதமர் பண்டாரநாயக்கா, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு தமிழர் பகுதிகளுக்கு அதிகாரம் தர ஒப்பந்தம் போட்டார். பிக்குகள் எதிர்த்ததும் அடுத்த வருடமே கைவிட்டார். 1965-ல் பிரதமர் டட்லி சேனநாயக்கா போட்ட ஒப்பந்தமும் அப்படியே போயிற்று. தமிழீழம் என்ற தனி நாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம் வந்தது 1976-ல். இருபது வருடம் பொறுத்திருக்கிறார்கள்! 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். அடுத்த மாதமே, பிரிவினையை அமைதியாகப் பேசுவதைக்கூடக் குற்றமாக்கும் ஆறாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று அது கேட்ட சத்தியப் பிரமாணத்தை எடுக்க மறுத்த தமிழ் எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். இதைவிட எப்படிக் கிள்ளுவது? போர் 2009 வரை நடந்தது. அதிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் நம் கிருஷ்ணகிரி மாவட்ட முகாம்களில் இன்னும் இருக்கின்றன.

‘1963-ல் பிரிவினைப் பேச்சைத் தடுக்க அரசியல் சட்டத்தில் 16-வது திருத்தம் கொண்டுவந்துதானே இந்தியா திராவிட நாடு கோரிக்கையை அடக்கியது’ என்பீர்கள். சட்டம் வந்தது, தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது, இரண்டும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே மொழிவழி மாநிலம் கிடைத்திருந்தது. 1965-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1967-ல் அதே தி.மு.க. ஓட்டு வாங்கிக் கோட்டைக்குப் போனது. ஆங்கிலமும் தொடரும் என்று ஆட்சிமொழிச் சட்டமும் திருத்தப்பட்டது. கொழும்பு அந்த வழியைத் தமிழர்களுக்கு உரிய காலத்தில் திறக்கவில்லை.

கியூபெக்கில் 1995 வாக்கெடுப்பில் பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். அவ்வளவு நெருக்கத்திலும் கனடா யாரையும் சிறையில் போடவில்லை. ஸ்காட்லாந்தில் 2014-ல் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கட்டலோனியாவில் 2017-ல் வாக்கெடுப்பைத் தடுக்கப் போலீஸை ஏவிய ஸ்பெயின், தான் சிறையில் போட்ட தலைவர்களை 2021-ல் தானே மன்னித்து விட்டது.

அதற்காக, ஓட்டுப்பெட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. தெற்கு சூடான் 2011-ல் 98 சதவீதத்துக்கு மேல் ஓட்டோடு பிரிந்தது. 2013 டிசம்பரிலேயே உள்நாட்டுப் போர். கியூபெக்கின் வடக்கே வாழும் கிரீ பழங்குடிகள், அதே 1995-ல் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, கனடாவை விட்டு எங்களைக் கொண்டுபோகாதீர்கள் என்று 96 சதவீதம் பேர் சொன்னார்கள். பிரிகிறவர்களுக்குள்ளேயும் சிறுபான்மை உண்டு. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் பேசும் ஓசூர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பாகிஸ்தான் கோரிக்கைக்குத் தீர்வாக 1944-ல் வைத்த திட்டத்தைத் தேடிப் படியுங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள வடமேற்கு, கிழக்கு மாவட்டங்களில் மக்களிடம் வாக்கெடுப்பு. அதற்கு முன் எந்தத் தரப்பும் தன் கருத்தைப் பேசலாம். பிரிந்தால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்துக்கு இரு பக்கமும் ஒப்பந்தம். யாரும் ஊர் மாறுவதென்றால் சொந்த விருப்பத்தில் மட்டும். தேசபக்தியில் யாருக்கும் குறையாத மனிதர் யோசித்தது இது. காங்கிரஸ்காரர்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதை வைத்து அந்த வருடம் செப்டம்பரில் காந்தியும் ஜின்னாவும் பேசிய பேச்சு முறிந்தது. மூன்று வருடம் கழித்து, அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் ஐந்து வாரத்தில் இந்தியா–பாகிஸ்தான் எல்லைக் கோட்டைக் கிழித்தார். பஞ்சாபிலும் வங்காளத்திலும் மக்களிடம் நேரடியாக ஓட்டுக் கேட்கவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.