ரவிவர்மா ஓவியங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தா காலத்து ரவிவர்மா சரஸ்வதி படம் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் இருப்பதுபோல அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: அநேகமாக அது ஒலியோகிராஃப் என்ற அச்சுப்படமாக இருக்கும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பின்னர் அது லோணாவளா பக்கம் இடம்மாறியது. நிறத்துக்கு ஒரு கல்லாகப் படம் எழுதி, காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பது அந்த முறை. மேலே வார்னிஷ் ஏற்றி, கான்வாஸ் நெசவுபோல வரியும் பதிப்பதுண்டு. ஆகவே மினுமினுப்பையும் சொரசொரப்பையும் நம்பி முடிவுகட்ட வேண்டாம்.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை கன்னம், நெற்றி போன்ற வெளிர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் இறைந்த நிறப்புள்ளிகள் தெரிந்தால் பழைய கல்லச்சு. புள்ளிகள் சீரான வரிசையில் இருந்தால் பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பு. புள்ளியே இல்லாமல் தூரிகை இழுப்பு தெரிந்தால் கையால் வரைந்தது. ஆனால் யார் வரைந்தது என்பது வேறு கேள்வி, ஏனென்றால் இவர் படங்களுக்கு நகல்கள் ஏராளம். அடி ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலர் அந்த ஓரத்தைக் கத்தரித்துவிட்டே சட்டம் போட்டிருப்பார்கள்.

சேலையில் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். அப்படி அலங்கரித்த அச்சுப்படங்களுக்கும் தனி மதிப்பு உண்டு.

கேள்வி: காட்சிக்கூடங்களில் வெளிச்சம் ஏன் இவ்வளவு குறைவு? சில உருவப்படங்களில் முகமெல்லாம் வெடிப்பாகவும் மஞ்சளாகவும் இருக்கிறதே?

பதில்: ஒளியால் வெளுத்த நிறம் திரும்ப வராது, பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும். அதனால் எண்ணெய் ஓவியங்களுக்கு 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ் என்று வைப்பது வழக்கம்.

வெடிப்புக்கு முக்கியக் காரணம் ஈரப்பதம் ஏறி இறங்குவது. கான்வாஸும் அதன்மேல் பூசிய பசையும் அதற்கேற்ப நெகிழ்ந்து இறுகும். காய்ந்து கெட்டியான வண்ணப்படலம் கூடவே அசைய முடியாமல் விரிசல் விடும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருந்தால் நல்லது. மஞ்சள் நிறம் மேலே பூசிய பிசின் வார்னிஷ் முதிர்ந்ததால் வருவது. நீலச்சேலை பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். ஈரத்துணியால் துடைத்தால் விரிசல் வழியே நீர் இறங்கி வண்ணம் செதில் செதிலாக உதிரும். வார்னிஷ் நீக்குவது பாதுகாப்பு வல்லுநர் செய்யவேண்டிய வேலை.

கேள்வி: அசல் ஓவியங்களை எங்கே, எப்படிப் பார்ப்பது?

பதில்: திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், வடோதரா மகாராஜா ஃபதேசிங் அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்புகள் உள்ளன. ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் என்றால் மைசூரில் இருக்கும் இசைக்கலைஞர் பெண்களின் படத்தைப் பாருங்கள்: 11 பெண்கள், ஒவ்வொருவருக்கும் வேறு உடை, வேறு நகை, வேறு முகபாவம்.

முதலில் படத்தின் மூலைவிட்ட நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று முகத்தைப் பாருங்கள். பிறகு தடுப்புக்கயிறு வரை நெருங்கி நகைகளைக் கவனியுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் பொன்தாள் ஒட்டுவார்கள். ரவிவர்மா தங்கத்தையும் வண்ணத்தாலேயே காட்டினார். கண்ணாடிச் சட்டத்தில் விளக்கு எதிரொளித்தால் நேர் எதிரே நிற்காமல் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.

கேள்வி: இவை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகுமா?

பதில்: 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இவருடைய 10 படங்கள் இடம்பெற்றன. இந்தியாவிலுள்ள இவர் ஓவியங்கள் 1979 முதல் தேசியக் கலைச்செல்வங்கள். தனியார் அவற்றை நாட்டுக்குள் விற்கலாம், வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. கண்காட்சிக்குத் தற்காலிகமாக அனுப்ப மத்திய அரசின் அனுமதி வேண்டும்.